அழைப்பு வராத மாதம்

தெற்குக் கடற்கரைத் தெருவில் யாருக்காவது குழாய்ப் பரிசோதனைக்கு அழைப்பு வந்துவிட்டால், அந்த வீட்டு வாசலில் செருப்பு விட இடம் இருக்காது. பரிசோதனைக்கு முதல் நாள் கெட்டியாக எதையும் சாப்பிடக் கூடாது. அதனால் வருகிறவர்கள் எல்லாரும் தெளிவாக ஏதாவது கொண்டுவருவார்கள். இளநீர், வடிகட்டிய ரசம், சீரகத் தண்ணீர், பால் விடாத காபி. அழைப்பு வந்தவர் கூடத்தின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லாவற்றிலும் ஒவ்வொரு வாய் குடிப்பார். சுற்றி இருக்கிறவர்கள் பிரியாணி சாப்பிடுவார்கள். விருந்தே அவருக்காகத்தான், ஆனால் அவருக்கு மட்டும் சோறு கிடையாது.

வெளியூர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கப் போகிறார்கள், அதற்கு இத்தனை கும்மாளமா என்பார்கள். தூத்துக்குடிக்காரர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

விஷயம் இதுதான். அறுபத்தைந்து தாண்டிய எல்லார் வீட்டுக் கழிப்பறையிலும் ஒரு வெள்ளைத் தட்டைப் பொருத்தியிருந்தார்கள். அது அன்றாடம் கண்டதை ‘வழிகாட்டி’ என்ற கணினிக்கு அனுப்பும். வழிகாட்டி அதோடு நிற்காது. இதயம், சிறுநீரகம், நடக்கும் வேகம், தூக்கம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, அவரவர் பிறந்த மாதத்தில், யாரைக் குழாய்க்கு அனுப்பலாம் என்று முடிவு செய்யும். அழைப்பு வந்தால் தேதி வரும். வராதவர்களுக்கு ஒன்றும் வராது. எப்படியோ ஒரு ரகசியம் மட்டும் வெளியே கசிந்துவிட்டது. இன்னும் பத்து வருடம் இருக்க மாட்டார் என்று கணக்கு சொன்னால், அவரை வழிகாட்டி கூப்பிடாது.

அவ்வளவு போதாதா? கூப்பிட்டால் பத்து வருடம் உறுதி என்று ஊர் எடுத்துக்கொண்டது. வாடகைக்கு வீடு தருகிறவர்கள் ‘அழைப்பு வந்துதா?’ என்று கேட்டார்கள். தேவாலயச் சபைக் கமிட்டித் தேர்தலில் அழைப்பு வராத கிழவருக்கு ஓட்டு விழவில்லை. அழைப்பு வராதவர்களிடம் எல்லாரும் திடீரென்று அன்பாகப் பேச ஆரம்பித்தார்கள். அதைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை.

சுகிர்தா டீச்சருக்கு எழுபத்தோராவது வயதில் அழைப்பு வந்தது. மகள் ஷைனி ஆபீசுக்கு லீவு போட்டு விருந்தை நடத்தினாள். சாயங்காலம் எல்லாரும் போன பிறகு, சுகிர்தா பேதி மருந்தைக் கை கழுவும் தொட்டியில் கொட்டிவிட்டு, மிச்சம் இருந்த பிரியாணியைச் சூடுபண்ணிச் சாப்பிட்டாள். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அந்தத் தெருவில் பாதிப் பேர் போனதில்லை. பத்து வருடம்தான் கிடைத்துவிட்டதே, அதற்கு மேல் குழாய் எதற்கு? அப்புறம் இரண்டு மூன்று தடவை ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார்கள். ‘அடுத்த மாசம் வாரேம்மா’ என்று சொல்லிச் சொல்லி அவர்களை ஓயவைத்தாள். அடுத்த வருடம் மறுபடி அழைப்பு வந்தது. இரண்டாம் அழைப்புக்கு யாரும் பிரியாணி போடுவதில்லை.

கிடைத்த பத்து வருடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யோசித்தபோதுதான் எட்வின் வந்தார்.

எட்வின் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து வெகுகாலம் ஆகிவிட்டது, பிள்ளைகள் இல்லை. உப்பளத்து வரப்பில் சாயங்காலம் நடக்க வருவார். முதலில் எதிரும் புதிருமாக நடந்தார்கள். பிறகு ஒரே பக்கமாக நடந்தார்கள். ஒருநாள் அவர் நின்று, மூச்சு வாங்குவது போல உப்புக் குவியலைப் பார்த்துக்கொண்டு, “டீச்சர், நாம ஒரே வீட்ல இருந்தா என்ன?” என்று கேட்டார். அதுவரை அவரை ‘அண்ணாச்சி’ என்று கூப்பிட்டு வந்த சுகிர்தா, அன்றோடு அதை நிறுத்தினாள். வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாததால், கொஞ்ச நாள் இருமிக் கூப்பிட்டாள்.

ஷைனி கோபப்படவில்லை. அவள் அப்பா பக்கவாதத்தில் ஒன்பது வருடம் படுத்த படுக்கையாகக் கிடந்தவர். அம்மா அவரைத் திருப்பிப் படுக்கவைத்ததையும், துடைத்ததையும், ஒரு கல்யாண வீட்டுக்குக்கூடப் போகாமல் கிடந்ததையும் பார்த்து வளர்ந்தவள்.

“அவர் நல்லவர்தான்மா. நான் இல்லன்னு சொல்லல. ஆனா இன்னொரு தடவை நீங்க பெட்பேன் தூக்குறத என்னால பாக்க முடியாது. ஜூலையில அவருக்குப் பிறந்த மாசம். அழைப்பு வரட்டும். வந்தா நானே முன்ன நின்னு நடத்துதேன்.”

ஜூலை முடிந்தது. அழைப்பு வரவில்லை. ‘நான் சொன்னேன்ல’ என்று ஷைனி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். எட்வின் வரப்புக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்.

சுகிர்தா நேரே அவர் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினாள். பனியனோடு வந்து திறந்தவர், பதறிப்போய்த் துண்டைத் தேடினார்.

“என்ன, நடக்க வரக் காணோம்?”

“முட்டு வலி டீச்சர்.”

“எந்த முட்டு?”

வலது முட்டைத் தொட்டார். பிறகு இடது முட்டைத் தொட்டார். “ரெண்டும்தான்.”

“பொய் சொல்லுதவங்களுக்கு எப்பவும் ரெண்டு முட்டும்தான் வலிக்கும். எல்.கே.ஜி. பிள்ளைககிட்ட முப்பது வருசமா கேட்டுக்கிட்டிருந்தேன்.”

எட்வின் சிரித்தார். சிரிப்பு சீக்கிரம் அணைந்தது. “ஷைனி சொல்லுதது நியாயம் டீச்சர். உங்களுக்கு வருசம் கிடக்கு. எனக்கு இல்ல. தெரிஞ்சுக்கிட்டே உங்க தலையில நான் வந்து ஏறலாமா?”

“ஷைனி சொல்லுதது நியாயம்தான். நீங்க அதுக்குத் தலையாட்டுததுதான் நியாயம் இல்ல. சட்டையப் போடுங்க. சுகாதார நிலையத்துக்குப் போறோம். ஏன் கூப்பிடலன்னு கேப்போம்.”

“கேட்டா சொல்லுவாவளா?”

“கேட்டாத்தான தெரியும்.”

சுகாதார நிலையத்தின் டாக்டர் மெஹருக்கு முப்பது வயது இருக்கும். மேசையில் பாதி கடித்த வடை ஒன்று தாளில் இருந்தது.

“சொல்லுங்க தாத்தா, என்ன பண்ணுது?”

மணமகள் பக்கத்தில் இருக்கும்போது தாத்தா என்று கேட்க நேர்ந்த எட்வினின் முகம் போன போக்கைப் பார்த்து, சுகிர்தா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். எட்வின் நிமிர்ந்து உட்கார்ந்தார். வழியில் பேசிவைத்தது ஒன்று. அவர் சொன்னது வேறு.

“ரத்தம் போகுது டாக்டர்.”

சுகிர்தா திரும்பிப் பார்த்தாள்.

“எப்பலேர்ந்து?”

“ஆகஸ்ட் ஒண்ணாந்தேதியில இருந்து.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். “இந்த ஊர்ல ஜூலையில பிறந்தவங்க எல்லாருக்கும் ஆகஸ்ட் ஒண்ணாந்தேதிதான் ரத்தம் போகுது. ஜூன்ல பிறந்தவங்களுக்கு ஜூலை ஒண்ணு.”

எட்வின் தரையைப் பார்த்தார்.

“ரத்தம்னு சொன்னா வயசு பாக்காம ரெண்டு வாரத்துல குழாய் போடுவோம்னு யாரோ சொல்லியிருக்காங்க, இல்லையா? நிஜம்தான். ரத்தம் போறவங்களுக்கு அது தனி வழி. ஆனா பொய் சொல்லி அந்த வரிசையில நிக்கிறவங்களால நிஜமா ரத்தம் போறவங்க பின்னால போறாங்க. போன வருசம் எண்பத்திரண்டு வயசுல ஒருத்தர் இப்படிச் சொல்லிப் போட்டுக்கிட்டார். அந்த வயசுல குடல் சுவர் நைஞ்சிருக்கும் தாத்தா. கிழிஞ்சுபோச்சு. ரெண்டு மாசம் ஆஸ்பத்திரியில கிடந்தார். நல்லா நடந்துக்கிட்டிருந்த மனுஷன், இப்ப பிடிச்சுக்கிட்டு நடக்கிறார்.”

“அப்போ அந்தப் பத்து வருசக் கணக்கு உண்மைதானம்மா?” என்று கேட்டாள் சுகிர்தா.

“பாதி உண்மை. குடல்ல மரு மாதிரி சின்னதா முளை வரும். அது புற்றுநோயா மாறணும்னா சராசரியா பத்து வருசம் பிடிக்கும். அதுக்கு முன்னாடியே வேற காரணத்துல போயிடக்கூடியவங்களுக்கு அதைத் தேடிப் போய் எடுக்கிறதுல லாபம் இல்ல. பேதி மருந்து குடிச்சு மயங்கி விழுறதும் குடல் கிழியறதும்தான் மிச்சம். அதனால அவங்களத் தொந்தரவு பண்ண வேண்டாம்னு வழிகாட்டி விட்டுடும். அந்தப் பத்து வருசம்கூட வாக்குறுதி இல்ல. உங்க மாதிரி ஆயிரம் பேரைப் பாத்துச் சொல்ற கணக்கு.”

“அப்போ நான் விட்டுப்போன ஆளு,” என்றார் எட்வின்.

“நான் அப்படிச் சொல்லலையே. அழைப்பு வராததுக்கு அது ஒண்ணு மட்டும் காரணம் இல்ல. வெள்ளைத் தட்டுல எதுவுமே தெரியாம, குடல் சுத்தமா இருந்தாலும் அழைப்பு வராது. சுத்தமா இருக்கிறவங்களை எதுக்குக் கூப்பிடணும்?”

இத்தனை வருடத்தில் அந்தத் தெருவில் ஒருவரும் இதை யோசித்ததில்லை. எட்வினின் முகம் மெல்ல மலர்ந்தது. சுகிர்தாவின் முகம் மலரவில்லை. அவள் எல்.கே.ஜி. கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“அப்படின்னா,” என்றாள், “கூப்பிட்டவங்க?”

டாக்டர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினாள். “வருசமும் இருக்கணும். தட்டுல கண்ணுக்குத் தெரியாத ரத்தமும் இருக்கணும். ரெண்டும் சேர்ந்தாத்தான் கூப்பிடும். உங்க பேர் என்னம்மா?”

சுகிர்தா பேரைச் சொன்னாள். டாக்டர் திரையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே வடைத் தாளை ஓரமாக ஒதுக்கினாள்.

“நீங்கதானா அது? உங்களை ரெண்டு வருசமா கூப்பிட்டுக்கிட்டிருக்கோம்மா.”

“இதை ஏம்மா எழுதி அனுப்பல?” சுகிர்தாவுக்குக் குரல் ஏறியது. “ரத்தம் இருக்குன்னு ஒரு வார்த்தை போட்டிருந்தா வந்திருக்க மாட்டேனா?”

“முதல்ல வேற ஒரு ஊர்ல எழுதிப் பாத்தாங்களாம். ரத்தம்னு படிச்சதும் பயந்து வராம இருந்துட்டாங்க. அழைப்பு போகாதவங்களுக்கும் காரணம் எழுதினாங்க. ஆயுசு கம்மின்னு படிச்சுட்டு ஒருத்தர் சாப்பிடுறதையே விட்டுட்டார். அதனால மனசு நோகாம இருக்கட்டும்னு ரெண்டையும் எடுத்துட்டாங்க. கேக்கிறவங்களுக்கு மட்டும் நேர்ல சொல்லலாம்.” எட்வினைப் பார்த்தாள். “உங்க காரணத்தையும் சொல்லலாம். நீங்க கேட்டா. வேற யார் கேட்டாலும் சொல்ல மாட்டேன்.”

எட்வின் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தபடி இருந்தார். “இன்னைக்கு வேண்டாம்மா,” என்றார். “இன்னைக்கு இவங்க தேதியக் குடுங்க.”

வெளியே புங்கமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஒரு ஆடு வந்து எட்வினின் கையில் இருந்த பைக்குள் தலையை விட்டது. அவர் விரட்டவில்லை.

“இனிமே ஷைனி சொன்னதுக்கு நீங்க தலையாட்டலாம்,” என்றாள் சுகிர்தா. “நாந்தான் படுக்கப் போறவ. நான் உங்க தலையில வந்து ஏறலாமா?”

“ஏறுங்க.”

“விளையாடாதீங்க.”

“நான் நாப்பது வருசம் தலைக்கு மேல பாரத்தத் தூக்கி இறக்கினவன் டீச்சர். எது கனம், எது கனமில்லன்னு எனக்குத் தெரியும்.”

“உங்க காரணத்த ஏன் கேக்கல?”

அவர் ஆட்டின் காதைத் தடவினார். “சுத்தமா இருக்குன்னு சொன்னா சந்தோசம். மத்தத சொன்னா, அதுக்கப்புறம் உங்க முகத்தப் பாக்குறப்பல்லாம் மிச்சம் எவ்வளவுன்னு பாப்பேன். அதான் பயம்.”

சுகிர்தா தன் காலில் இருந்த செருப்பைப் பார்த்தாள். இரண்டு வருடமாக ஒரு பொய்க் கணக்கின் மேல் நிம்மதியாக நடந்துகொண்டிருந்திருக்கிறாள். ஆனால் அந்தத் தைரியத்தில்தான் புதுச் செருப்பு வாங்கினாள், உப்பளம் வரை நடந்தாள், இந்த மனுஷனிடம் சரி என்றாள். உண்மை தெரிந்திருந்தால் இதில் எதையும் செய்திருப்பாளா என்று யோசித்தாள். தெரியவில்லை.

அன்று சாயங்காலம் ஷைனி எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு, “நான் பிரியாணிக்கு ஆர்டர் குடுத்தேன்ம்மா,” என்றாள். “உங்களுக்கு ரத்தம் போகுதுன்னுதான் கூப்பிட்டிருக்காங்க. நான் மாலை வாங்கிட்டு வந்தேன்.”

“உனக்கு எப்படிட்டி தெரியும்? ஊருக்கே தெரியாது.”

ஷைனி கண்ணைத் துடைத்துக்கொண்டு, கதவோரம் நின்ற எட்வினைப் பார்த்தாள். அவளுக்குள் இருந்த பழைய பயம் இன்னும் போகவில்லை. “நீங்க ஏன் கேக்கல? கேளுங்க. சுத்தமா இருந்தா நான் இந்த நிமிசம் சம்மதிக்கேன்.”

“ஏட்டி, வாய மூடு!” என்றாள் சுகிர்தா.

“அவ கேக்குதது சரிதான்,” என்றார் எட்வின். “கேக்கேன். எது வந்தாலும் மறைக்காம உன்கிட்ட சொல்லுதேன். முடிவு பண்ண வேண்டியது நீ. ஆனா உங்க அம்மாகிட்ட சொல்ல மாட்டேன். ஒன்பது வருசம் ஒருத்தருக்கு நாள் எண்ணினவங்க. மறுபடியும் எண்ண வைக்க எனக்கு இஷ்டமில்ல.”

ஷைனி அம்மாவைப் பார்த்தாள்.

“எனக்குத் தெரிய வேண்டாம்,” என்றாள் சுகிர்தா. “கணக்கு வெச்சு வாழ்ந்து பாத்தாச்சு.”

இந்தத் தடவை விருந்து இல்லை. ஆனாலும் விஷயம் தெருவில் பரவிவிட்டது. பரிசோதனைக்கு முதல் நாள், சுகிர்தா பேதி மருந்தை மூக்கைப் பிடித்துக்கொண்டு உண்மையாகவே குடித்துவிட்டு, கழிப்பறைக்கும் கட்டிலுக்குமாக அலைந்துகொண்டிருந்தபோது, அடுத்த வீட்டு லதாராணி ஒரு செம்பு இளநீரோடு வந்தாள். வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

“டீச்சர், எனக்கும் மூணு வருசத்துக்கு முன்ன வந்துதே. நானும் போகலையே.”

“நாளைக்கே போ.”

“பயமா இருக்கு டீச்சர்.”

“எனக்கும்தான். இந்த மருந்தக் குடிச்சுப் பாரு. பயப்படவே நேரம் இருக்காது.” சொல்லிவிட்டு மறுபடி கழிப்பறைக்கு ஓடினாள்.

குழாய் போட்டது அவளுக்குத் தெரியவே இல்லை. ஊசி போட்டார்கள், கூரையில் இருந்த விளக்கு தூரமாகப் போனது, கண் விழித்தபோது பக்கத்தில் ஷைனி இருந்தாள். எட்வின் சுவரோரம் நின்றார். ஆஸ்பத்திரி டாக்டர் வந்து, சின்னதாக இரண்டு முளைகளை எடுத்துவிட்டதாகவும், கொஞ்சம் பெரிதாக இருந்த ஒன்றைச் சோதனைக்கு அனுப்பியிருப்பதாகவும், பார்த்த அளவில் ஆரம்ப நிலைதான் என்றும் சொன்னார். முடிவு வந்த பிறகு பேசலாம். இன்னும் ஒரு வருடம் வராமல் இருந்திருந்தால் வேறு பேச்சாக இருந்திருக்கும்.

அவர் போன பிறகு ஷைனி அம்மாவின் தலையணையைச் சரி செய்தாள். சரியாக இருந்ததையே மறுபடி சரி செய்தாள்.

“அம்மா, நம்ம சபை ஐயர்கிட்ட பேசிட்டேன். கல்யாணத்துக்கு.”

சுகிர்தாவுக்கு மயக்கம் முழுதாகத் தெளிந்துவிட்டது. ஷைனி சம்மதித்துவிட்டாள். அப்படியானால் எட்வின் கேட்டிருக்கிறார், சொல்லியும் இருக்கிறார். சுத்தமாக இருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பார்கள். நெஞ்சிலிருந்து ஒரு கல்லை யாரோ எடுத்து வைத்ததுபோல இருந்தது.

“எப்ப?”

“வர்ற வியாழக்கிழமை.”

“வியாழக்கிழமையா? ஓலை வாசிக்க வேண்டாமா?”

அவர்கள் தேவாலயத்தில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடுவில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் உண்டென்றால் சொல்லலாம் என்று போதகரான ஐயர் இரண்டு பேரையும் பேர் சொல்லி அறிவிப்பார்.

“அதெல்லாம் வேண்டாம்மா. லைசென்ஸ் வாங்கினா ஓலை வாசிக்காமலே வெச்சுக்கலாமாம். கேட்டுட்டேன். எதுக்கு மூணு வாரத்த வீணாக்கணும்?”

சுகிர்தா மகளைப் பார்த்தாள். இவள் எதிலும் அவசரப்படாதவள். சொந்தக் கல்யாணத்தையே ஒரு வருடம் தள்ளிப்போட்டவள். எட்வினுக்கு அழைப்பு வந்தால்கூட, தன் மகனின் பரீட்சை முடிந்து மே மாதம்தான் கல்யாணம் என்று சொல்லியிருந்தவள். இப்போது மூன்று வாரம் அவளுக்கு வீணாகப் படுகிறது.

சுகிர்தா எட்வினைப் பார்த்தாள். அவர் சுவரில் மாட்டியிருந்த தீயணைப்புக் கருவியின் விளக்கத்தை மிகுந்த அக்கறையோடு படித்துக்கொண்டிருந்தார்.

யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஷைனியின் அவசரம் சொல்லிவிட்டது. சுகிர்தா கண்ணை மூடினாள். பயந்த அளவுக்கு அது வலிக்கவில்லை. வலிக்காமலும் இல்லை. ஆனால் அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்றும் இருந்தது. பத்து வருடம் இருந்தால்தான் சம்மதம் என்றவள், அது இல்லை என்று தெரிந்த பிறகு சம்மதித்திருக்கிறாள்.

“நீ ஏன்ட்டி சரின்னு சொன்ன?” என்று மெதுவாகக் கேட்டாள்.

ஷைனி போர்வையின் ஓரத்தை மடித்தாள். “அவர் என்கிட்ட வந்து சொன்னார்ல. மறைச்சிருக்கலாம். சுத்தமா இருக்குன்னு சொல்லியிருந்தா நான் போய்ப் பாக்கவா போறேன்?” சொல்லிய பிறகுதான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

“பரவால்ல,” என்றாள் சுகிர்தா. மகளின் கையை வாயிலிருந்து எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டாள். “ஆனா வியாழக்கிழமை வேண்டாம். ஓலை வாசிக்கட்டும். மூணு ஞாயிறும் வாசிக்கட்டும். அவர் பேரையும் என் பேரையும் சேத்து, ஊரே கேக்க, ஐயர் சொல்லணும். நாங்க ரெண்டு பேரும் முன்வரிசையில உக்காந்து கேக்கணும். ஒரு வாரத்தக்கூட நான் விட்டுக்குடுக்க மாட்டேன்.”

“அம்மா...” என்றாள் ஷைனி.

எட்வின் தீயணைப்புக் கருவியிலிருந்து திரும்பினார். கண் கலங்கியிருந்தது. ஆனால் சிரித்தார்.

“மூணு வாரம் நான் தாங்குவேன் ஷைனி,” என்றார்.